பழைய கேம்பர் வேனின் ஃபேன் பெல்ட்: சரியான அளவு பெல்ட், லிங்க் பெல்ட், அவசர கிட் – எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

அறுந்துபோன ஃபேன் பெல்ட்டுக்கு மாற்றாக மூன்று வகைச் சரக்கு விற்பனையில் இருக்கிறது. வண்டிக்கென்றே உள்ள அளவில் வரும், பக்கங்கள் வி வடிவில் சரிந்த வி-பெல்ட் ஒன்று. கண்ணி கண்ணியாகக் கோத்து, வேண்டிய நீளத்துக்குக் குறைத்துக்கொள்ளும் லிங்க் பெல்ட் இன்னொன்று. ‘எந்த வண்டிக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் அச்சடித்து வரும் அவசர கிட் மூன்றாவது. முதலாவதை வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள். இரண்டாவது சில வண்டிகளில் மட்டும் காசுக்குத் தகும். மூன்றாவதை நம்பி நீண்ட பயணம் கிளம்பக் கூடாது.

அறுந்தது எந்த பெல்ட் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இங்கே பேசுவது எஞ்சினுக்கு வெளியே ஓடி ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), வாட்டர் பம்ப், ஃபேன் ஆகியவற்றைச் சுற்றும் பெல்ட்டைப் பற்றி மட்டுமே. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நின்று, ஸ்டார்ட்டர் அடித்தால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் போயிருப்பது உள்ளே இருந்து வால்வுகளை இயக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட். அதுவும் டீசல் எஞ்சின் என்றால் வால்வுகள் பிஸ்டனில் இடித்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி சாவியைத் திருப்பாமல் வண்டியை இழுத்துப் போவதுதான் வழி. வெளி பெல்ட் அறுந்தால் எஞ்சின் உடனே நிற்காது. சிவப்பு சார்ஜ் விளக்கு எரியும், சில நிமிடத்தில் வெப்ப முள் ஏறும்.

எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பது அந்த பெல்ட் எதைச் சுற்றியது என்பதைப் பொறுத்தது. வோக்ஸ்வேகன் டைப் 2 வேனில் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஃபேன் உறையுள்ள 1600 சிசி எஞ்சினில், டைனமோவும் குளிர்விக்கும் ஃபேனும் ஒரே தண்டில் இருக்கின்றன. பெல்ட் போனால் காற்று போயிற்று. அடுத்த வளைவு வரைக்கும்கூட ஓட்டாமல் அங்கேயே ஓரம் கட்ட வேண்டும். அதே டைப் 2-இல் 1972 முதல் வந்த 1700, பிறகு 1800, 2000 எஞ்சின்களில் ஃபேன் நேராக எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் தண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே பெல்ட் ஆல்டர்னேட்டரை மட்டும்தான் சுற்றுகிறது, ஆகவே பேட்டரி தாங்கும் வரை பகலில் ஓட்டிப் போகலாம். அதற்கு அடுத்து வந்த வோக்ஸ்வேகன் டி3 வேனில், தண்ணீரில் குளிரும் எஞ்சின் என்றால் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான், நிறுத்த வேண்டியதுதான். டொயோட்டா ஹையேஸ் போன்ற சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் போனபின் இரண்டொரு மிதியில் பிரேக் கல்லாகிவிடும். பலருக்கும் தெரியாத ஆபத்து இதுதான்.

இனி சரக்கைப் பார்ப்போம்.

சரியான அளவு வி-பெல்ட்டிலேயே இரண்டு ரகம் உண்டு. சுற்றிலும் துணி போர்த்திய மழமழப்பான பெல்ட் ஒன்று. பக்கங்கள் துணியில்லாமல் அறுத்த ரப்பராகவும், உள்பக்கம் பல் பல்லாக வெட்டியும் வருவது மற்றொன்று. பழைய வண்டிக்குப் பல் வெட்டியதையே வாங்குங்கள். ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது. பல் வெட்டிய பெல்ட் அதைச் சுற்றி வளையும்போது குறைவாகச் சூடேறும், அறுத்த பக்கங்கள் புல்லியின் சரிவை நன்றாகக் கவ்வும். துணி போர்த்தியது கொஞ்சம் சத்தம் குறைவு, புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லாவிட்டாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் சின்ன புல்லியில் வழுக்கி மினுமினுப்பேறி, பிறகு கத்த ஆரம்பிக்கும்.

அளவு படிப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பெல்ட்டின் முதுகில் ஏவிஎக்ஸ் 10 × 900 என்று இருந்தால் மேல் அகலம் 10 மி.மீ., வெளிச்சுற்று நீளம் 900 மி.மீ., எக்ஸ் என்றால் பல் வெட்டியது. 13 மி.மீ. அகலமும் பரவலாக உண்டு. தொழிற்சாலை பெல்ட் விற்கும் கடையில் ‘அதே அளவுதான்’ என்று ஏ 36 போன்ற ஒன்றை நீட்டுவார்கள். அந்த 36 என்பது அங்குலத்தில் உள்சுற்று. 8 மி.மீ. தடிமனுள்ள பெல்ட்டில் உள்சுற்றுக்கும் வெளிச்சுற்றுக்கும் ஏறக்குறைய 50 மி.மீ. வித்தியாசம். ஆல்டர்னேட்டரை நகர்த்திப் பெல்ட்டை இறுக்க உதவும் நீளத் துளையான காடிக்கு அவ்வளவு இடம் கிடையாது. அறுந்த பெல்ட் முழுசாகக் கிடைத்தால் தரையில் நீட்டி முதுகுப் பக்கம் அளக்கலாம், ஆனால் ஓடித் தேய்ந்த பெல்ட் நீண்டிருக்கும், அதனால் அளவு சற்றுக் கூடவே காட்டும். பெல்ட்டே இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைக் காடியின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்தி, தடித்த கயிற்றைப் புல்லிகளின் விளிம்போடு ஒட்டிச் சுற்றி அளந்தால் வெளிச்சுற்றுக்குப் பக்கத்தில் வரும்.

அகலத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 13 மி.மீ. பள்ளத்தில் 10 மி.மீ. பெல்ட்டைப் போட்டால் அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வி-பெல்ட் இழுப்பது பக்கங்களால். அடியில் உட்கார்ந்த பெல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கும். சரியான பெல்ட்டின் முதுகு புல்லி விளிம்புக்குச் சமமாகவோ, ஒரு மில்லிமீட்டர் போல மேலே தூக்கியோ நிற்கும். புதுப் பெல்ட்டே விளிம்புக்குக் கீழே இறங்கி, பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் தேய்ந்தது புல்லி. அதை மாற்றாமல் பெல்ட்டாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பழைய இருப்பு பெல்ட் மலிவாகக் கிடைத்தால் வாங்குவதற்கு முன் உள்பக்கம் வெளியே தெரியும்படி வளைத்துப் பாருங்கள். பல்லுக்கு நடுவே மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, ரப்பர் மினுங்கி விறைப்பாக இருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். ஈபிடிஎம் ரப்பரில் செய்தவை பழைய குளோரோபிரீன் பெல்ட்டைப்போலச் சீக்கிரம் வெடிக்காது. கிடைத்தால் அதுவே மேல். ஆனால் விரிசல் விடாததால் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும், தேய்மானத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மாட்டும் வேலை, கருவி கையில் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் அரை மணி நேரம். எஞ்சின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஸ்பேனர் பட்டால் தீப்பொறி பறக்கும். அடுத்து, அறுந்த பெல்ட்டின் மிச்சம் எங்கே என்று தேடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. பெல்ட் ஒரே துண்டாக விழாமல் நார் நாராகப் பிய்ந்திருந்தால், அந்த நூல்கள் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுக்கும். டைமிங் பெல்ட் அதே புல்லிக்குப் பின்னால் ஓடும் எஞ்சின்களில் நூல் உறைக்குள் நுழைந்து டைமிங் பெல்ட்டைப் பல் தாண்ட வைத்துவிடும். டார்ச் அடித்து, நீண்ட மூக்குக் குறட்டால் கடைசி நூல் வரை எடுத்தாக வேண்டும்.

பெல்ட் இல்லாத இந்த நேரம் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் கரகரக்காமல் சுற்ற வேண்டும். வாட்டர் பம்ப் புல்லியை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது, பம்ப்பின் அடித் துளையில் கூலண்ட் கசிந்த கறை இருக்கக் கூடாது. வயசானதால் அறுந்த பெல்ட்டில் குறுக்கு விரிசல் வரிசையாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. பக்கங்கள் கருகி, ரப்பர் நாற்றம் அடித்தால் ஏதோ ஒரு பேரிங் இறுகி நின்றிருக்கிறது. இறுகிய பேரிங்கின் மேல் புதுப் பெல்ட்டைப் போட்டால் ஒரு நிமிடத்தில் புகைந்துவிடும். ரப்பர் வீங்கி மெத்தென்று இருந்தால் ஆயில் பட்டிருக்கிறது. கசிவை நிறுத்தாமல் பெல்ட் மாற்றுவது வீண்.

காடியில் இருக்கும் போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு ஆல்டர்னேட்டரைத் தள்ளுவது பொதுவான தப்பு. கீழே சுழலும் போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தினால்தான் அது அசையும், இல்லையென்றால் காடியுள்ள இரும்புப் பட்டை வளையும். இந்த இரண்டு போல்ட்டும் பல வண்டிகளில் 13, 17 மி.மீ. தலைகள். ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் முழுக்கத் தள்ளி, பெல்ட்டை முதலில் கிராங்க் புல்லி, பிறகு வாட்டர் பம்ப், கடைசியாக ஆல்டர்னேட்டர் என்று ஏற்றுங்கள். ஸ்க்ரூடிரைவரால் விளிம்பின் மேல் நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளே இழுவையைத் தாங்கும் நூல் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, அந்தப் பெல்ட் சில நூறு கிலோமீட்டரில் காரணமே இல்லாததுபோல் அறும். ஏறவில்லை என்றால் அளவு தப்பு, அவ்வளவுதான்.

டென்ஷன், அதாவது பெல்ட்டின் இறுக்கம், வைக்க ஒரு கட்டையை ஆல்டர்னேட்டரின் புல்லிப் பக்கத்து அலுமினியத் தலையில் கொடுத்து நெம்புங்கள். நடு உடம்பிலோ பின்பக்கத்திலோ கொடுத்தால் போல்ட் நுழையும் காது உடையும். மேல் போல்ட்டை இறுக்கிவிட்டு, பிறகு கீழ் போல்ட். நீளமான நடுப்பகுதியில் கட்டை விரலால் நன்றாக அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்குவது பொதுக் கணக்கு. நிமிர்ந்த ஃபேனுள்ள வோக்ஸ்வேகனுக்கு ஏறக்குறைய 15 மி.மீ. வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் செல்லும். ‘கொஞ்சம் டைட்டாகவே இருக்கட்டும்’ என்று முறுக்கினால் அடிபடுவது வாட்டர் பம்ப் பேரிங்.

அந்த வோக்ஸ்வேகனில் நகரும் ஆல்டர்னேட்டரே கிடையாது. மேல் புல்லி இரண்டு பாதியாகப் பிரியும், நடுவே மெல்லிய ஷிம் வளையங்கள். உள் பாதியில் இருக்கும் வெட்டில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, டைனமோவின் மேல் போல்ட்டில் முட்டுக் கொடுத்து, 21 மி.மீ. நட்டைக் கழற்ற வேண்டும். பாதிகளுக்கு நடுவே ஷிம் கூடினால் பள்ளம் அகன்று பெல்ட் உள்ளே இறங்கும், அதாவது லூஸ். ஷிம் எடுத்தால் டைட். எடுத்த ஷிம்மைத் தூக்கிப் போடாமல் நட்டுக்கு அடியில், வெளிப்பக்கம் போட்டுவிட வேண்டும். மொத்த எண்ணிக்கை மாறினால் நட் சரியாகக் கவ்வாது. நட்டை இறுக்கும்போது எஞ்சினைக் கையால் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள், இல்லாவிட்டால் பெல்ட் இரண்டு பாதிக்கும் நடுவே கடிபட்டு, டென்ஷன் பொய்யாகக் காட்டும். நடுவில் ஒரு ஷிம்கூட இல்லாமல் எடுத்த பிறகும் லூஸ் என்றால் பெல்ட் நீண்டுவிட்டது.

எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி டென்ஷன் பாருங்கள். புது வி-பெல்ட் பள்ளத்தில் படியும்போது கட்டாயம் லூஸாகும். சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொரு தடவை. ‘புதுப் பெல்ட்டே மட்டம்’ என்று எழுதும் வாடிக்கையாளர் விமர்சனங்களில் முக்கால்வாசி இந்த இரண்டாவது இறுக்கத்தைச் செய்யாதவர்கள் எழுதியது என்று அடித்துச் சொல்லலாம். சார்ஜ் சரியாக இருக்கிறதா என்பதற்கு, ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினைச் சற்று ஏற்றிப் பேட்டரி முனையில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

அடுத்தது லிங்க் பெல்ட். பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும் சேர்ந்த பட்டைத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்தது. தொழிற்சாலை இயந்திரங்களுக்காக வந்த சரக்கு, 10, 13 மி.மீ. அகலங்களில் கிடைப்பதால் வேன்காரர்கள் கைக்கும் வந்துவிட்டது. இதன் ஒரே பெரிய லாபம்: புல்லிகளைச் சுற்றி வைத்தே கோக்கலாம். ஏர் கண்டிஷன் பெல்ட், பவர் ஸ்டீயரிங் பெல்ட் இரண்டையும் கழற்றினால்தான் உள் பெல்ட்டைத் தொட முடியும் என்ற அமைப்புள்ள வேன்களில், தெருவோரத்தில் இது பெரிய விஷயம். உங்கள் வண்டியில் ஒரே ஒரு பெல்ட் முன்னால் நின்றால் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கோக்கும் முறை எளிது, ஆனால் அவசரப்படக் கூடாது. கையால் இறுக்கிப் பிடித்து நீளம் பார்த்து, பிறகு ஏறக்குறைய 24 கண்ணிக்கு ஒன்று வீதம் குறைக்க வேண்டும். உற்பத்தியாளர் அட்டையில் தரும் கணக்கு வேறாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பெல்ட்டை உள்வெளியாகத் திருப்பி வைத்துக்கொண்டு கோத்தால் முனை சுலபமாக நுழையும், கோத்து முடித்தபின் திரும்பப் புரட்டிவிடலாம். முதுகில் உள்ள அம்புக்குறி சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் துண்டுகளின் நுனி பள்ளத்தில் இடறிக்கொண்டே ஓடும். முதல் சில மணி நேரத்தில் நன்றாக நீளும், எனவே சரிசெய்யக் காடியில் இடம் விட்டு மாட்டுங்கள். ஆயிலைப் பொறுத்துக்கொள்கிறது, வாட்டர் பம்ப்பை ஒழுங்காகச் சுற்றுகிறது. அதிக சார்ஜ் இழுக்கும் நேரத்தில்தான் வழுக்குகிறது. வீடு சேர்க்கும் பெல்ட், நிரந்தரமாக விட்டுவைக்கும் பெல்ட் அல்ல. விலையும் அதே அளவு சாதாரண பெல்ட்டைவிட நன்றாகவே தூக்கல்.

அவசர கிட் என்பது பெரும்பாலும் உருண்டையான பாலியூரித்தேன் கயிறும், இரண்டு முனையை இணைக்க ஒரு பின்னும்தான். உருண்டைக் கயிறு வி வடிவப் பள்ளத்தில் இரண்டு மெல்லிய கோடுகளில் மட்டுமே தொடுகிறது. வாட்டர் பம்ப்பைச் சுற்றும் அளவுக்கு அது போதும், ஆல்டர்னேட்டருக்குப் போதாது. மாட்டுவதாக இருந்தால் பள்ளத்திலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள், அட்டையில் சொன்னபடி இழுவைக்காகக் குட்டையாக வெட்டுங்கள், முனையைச் சாய்வாக இல்லாமல் நேராக வெட்டுங்கள். சாய்ந்த வெட்டில் பின் ஒரு பக்கமாக நெளிந்து, சின்ன புல்லியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ‘டொக்’ என்று இடித்து, சீக்கிரமே கழன்றுவிடும். பிறகு எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குள் வைத்து, பக்கத்து ஊர் வரை போய்ச் சேருங்கள். வரி வரியாகப் பள்ளமுள்ள பட்டை பெல்ட் போட்ட, 6பிகே 1200 போன்ற குறியீடுள்ள வண்டிகளுக்கு இந்தக் கிட் எதுவும் உதவாது. காலுறையை முறுக்கிக் கட்டும் பழைய வித்தையும் இதே ரகம்தான்: முடிச்சு புல்லியில் மோதும், இன்றைய காலுறையில் இருக்கும் ரப்பர் நூல் இழுபட்டு நீளும்.

அவசர பெல்ட் எதுவானாலும் கேம்பர் வேனுக்கே உரிய ஒரு கவனம் வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டாவது பேட்டரியின் சார்ஜ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் கேஸ் ஃபிரிட்ஜ் மட்டுமே 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதையும் அணையுங்கள். பெல்ட்டின் மேல் விழும் சுமையில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான்.

சொல்லப்போனால் நல்ல பெல்ட்கூட முன்கூட்டியே சாவதற்கு இதுவே காரணம். சில நாள் ஓரிடத்தில் நிறுத்தி உள் பேட்டரியைக் காலி செய்துவிட்டு, காலையில் எஞ்சினை ஓட்டியதும் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் தள்ளும். பெல்ட் அந்தச் சில நிமிடம் வழுக்கிக் கத்தும், பக்கங்கள் மினுமினுப்பேறும், அப்புறம் எப்போதும் வழுக்கும். ஒற்றை 10 மி.மீ. பெல்ட்டுக்கு 70, 80 ஆம்பியர்தான் நடைமுறை எல்லை. பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டியவர்களும், லித்தியம் பேட்டரியை நேரடியாக ரிலேவில் இணைத்தவர்களும் பெல்ட்டைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, நடுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி சார்ஜர் ஒன்றைப் போட வேண்டும்.

கத்தும் பெல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே வாங்காதீர்கள். பிசுபிசுப்பு தூசியைப் பிடித்துக்கொள்ளும், காரணம் அப்படியே இருக்கும். ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கை, சட்டைக் கையை எட்டவே வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை. சத்தம் அடங்கி மறுபடி வந்தால் புல்லிகள் கோணல். நேரான ஓர் இரும்புப் பட்டையை இரண்டு புல்லி முகத்திலும் வைத்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். 300 மி.மீ. இடைவெளியில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் ஆல்டர்னேட்டர் பிடியில் வாஷர் சேர்த்தோ எடுத்தோ சரி செய்ய வேண்டும்.

டென்ஷன் அளக்கும் கருவிகளில் கேட்ஸ் நிறுவனத்தின் கிரிகிட் சின்னது, பெல்ட்டின் மேல் வைத்து அழுத்தினால் ‘கிளிக்’ என்றதும் நிறுத்தி, எழும்பி நிற்கும் கை காட்டும் எண்ணைப் படிக்கலாம். விரல் கணக்கில் பழக்கமில்லாதவர்களுக்கும், ஆல்டர்னேட்டரை இரண்டு பெல்ட் சேர்ந்து சுற்றும் வண்டிக்காரர்களுக்கும் நல்ல வாங்கல். அப்படி இரட்டைப் பெல்ட் இருந்தால் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் ஒரே தயாரிப்பில், ஒரே நேரத்தில் மாற்றுங்கள். நீண்ட பழையதும் குட்டையான புதுசும் ஜோடி சேர்ந்தால் சுமை முழுவதும் புதுசின் தலையில்தான்.

வண்டியில் வைக்கும் உபரி பெல்ட்டை ஆணியில் தொங்கவிடாமல், கூர்மையாக மடிக்காமல், மூன்று வளையமாகச் சுருட்டி ஒரு துணிப்பையில் போட்டு, ஹீட்டருக்கும் டீசல் டப்பாவுக்கும் தள்ளி வையுங்கள். வாங்கிய அன்றே அதை ஒருமுறை மாட்டிப் பார்த்து, கழற்றிய பழையதை உபரியாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அளவு சரிதானா, அந்த 17 மி.மீ. போல்ட்டுக்கு உங்கள் ஸ்பேனர் நுழைகிறதா என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.